களிமண்ணில் ஒரு அடி அகலப் பள்ளம்: மினி பேக்ஹோ எங்கே சிக்குகிறது, எப்படிச் சரிசெய்வது

சென்னைக்கு ஒரே மண் கிடையாது. திருவான்மியூர், அடையாறு, சாந்தோம் பக்கம் மணல். கிண்டி, ஆதம்பாக்கம் பக்கம் கொஞ்சம் இறங்கினாலே பாறை. அண்ணா நகர், மேற்கு மாம்பலம், விருகம்பாக்கம், பெரம்பூர் வட்டாரங்களில் களி. இந்த வழிமுறை களிக்கு மட்டும்தான். டிரைனேஜ் பைப், தண்ணீர் லைன், கேபிள், காம்பவுண்டு சுவர் வானம் (அஸ்திவாரப் பள்ளம்) என்று 9 முதல் 18 இன்ச் அகலத்தில், ஐந்து அடி ஆழத்துக்குள், மினி ஜேசிபியையோ டிராக்டரில் மாட்டிய பேக்ஹோவையோ (பக்கெட்டால் மண்ணைத் தன் பக்கம் இழுத்துத் தோண்டும் கை) வைத்துத் தோண்டும் வேலைகளைப் பற்றியது.

மெஷினைக் குறை சொல்வதற்கு முன் ஒரு பிடி மண்ணைக் கையில் எடுத்துப் பாருங்கள். தோண்டப் போகும் ஆழத்திலிருந்து எடுத்த மண்ணாக இருக்கட்டும், மேல்மண் வேண்டாம். உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து நூலாக உருட்டுங்கள். உருளாமல் பொடிந்தால் மண் காய்ந்திருக்கிறது. 3 மில்லிமீட்டர் பருமன் வரை உருண்டு, அந்த நேரத்தில் விரிசல் விட்டு உடைந்தால், கையிலும் ஒட்டாமல் இருந்தால், தோண்ட அதுதான் நல்ல பதம். நூல் மேலும் மெலிந்துகொண்டே போய், கையில் பசை போல அப்பினால் ஈரம் அதிகம். கீழே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த ஈரப் பதத்தில் தொடங்குபவை. ஆபரேட்டர் சொல்லும் "வண்டியில் பவர் இல்லை", வீட்டுக்காரர் சொல்லும் "ஆபரேட்டருக்கு வேலை தெரியவில்லை" இரண்டும் பல நேரம் மண்ணைப் பற்றிய புகார்கள்தான்.

பக்கெட்டிலிருந்து மண் விழவில்லை

களியில் முதலில் வரும் தொல்லை இதுதான். பக்கெட்டைக் கவிழ்த்தாலும் மண் இட்லித் தட்டில் ஒட்டிய மாவு மாதிரி உள்ளேயே நிற்கும். அடுத்த வெட்டில் அதே மண்ணோடு பள்ளத்துக்குள் இறங்கும். ஒரு மணி நேரம் ஓடினாலும் பத்தடி நகர்ந்திருக்காது.

காரணம் கணக்கிலேயே தெரியும். 24 இன்ச் பக்கெட்டையும் 12 இன்ச் பக்கெட்டையும் பக்கத்தில் வையுங்கள். பக்கத் தகடுகள் இரண்டிலும் ஒரே அளவு, ஆனால் குறுகிய பக்கெட்டில் மண் பாதிதான். பக்கங்களில் ஒட்டிப் பிடிக்கும் பரப்பு அப்படியே இருக்க, கீழே இழுக்கும் எடை பாதியாகிவிடுகிறது. அதோடு, மண் முதுகுத் தகட்டோடு இறுகி உட்காரும்போது பின்னால் காற்று போக வழி இருக்காது. மண் நகர முயன்றாலும் அங்கே ஏற்படும் வெற்றிடம் அதைப் பிடித்து இழுக்கும். ஒட்டுதலும் உறிஞ்சலும் சேர்ந்து வேலை செய்வதால் பரிகாரமும் இரண்டுக்கும் சேர்த்தே செய்ய வேண்டும்.

முதலில் காசு செலவில்லாதவை. பக்கெட்டை நிரப்பாதீர்கள், மூன்றில் இரண்டு பங்கு போதும். ஆழமாகக் குத்தி ஒரே கட்டியாக எடுக்காமல் 2, 3 இன்ச் கனத்தில் நீளமாகச் சீவி எடுங்கள். சீவல் சுருண்டு சுருண்டு விழும்போது நடுவே காற்று இருக்கும், கவிழ்த்ததும் உதிரும். குத்தி அமுக்கிய கட்டி உதிராது. அரை டிரம்மில் தண்ணீர் வைத்து, நான்கைந்து வெட்டுக்கு ஒரு முறை பக்கெட்டை முக்கி எடுங்கள். இரும்பின் மேல் மெல்லிய நீர்ப்படலம் இருந்தால் களி வழுக்கும். டீசலோ பழைய இன்ஜின் ஆயிலோ பூசும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அதைச் செய்யவே கூடாது. பள்ளத்துக்குள் வழியும் எண்ணெய் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் போகும்.

அடுத்து பக்கெட்டில் செய்யும் வேலை. உட்புறத்தில் துரு சொரசொரப்பாக இருந்தால் கிரைண்டரால் தேய்த்து மழமழப்பாக்குங்கள். இரண்டு நாள் சும்மா நிற்கும் பக்கெட்டைக் கழுவித் துடைத்து வைத்தாலே அடுத்த வேலையில் வித்தியாசம் தெரியும். வளைந்த முதுகுத் தகட்டில் ஒரு இன்ச் ஓட்டை இரண்டு போட்டால் காற்று உள்ளே போய் உறிஞ்சல் உடையும். வெட்டும் உதட்டுக்கும், இணைப்புப் பின் (pin) மாட்டும் காதுகளுக்கும் பக்கத்தில் ஓட்டை போட வேண்டாம். சுமை ஏறும் இடங்கள் அவை, விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். ஓட்டைகள் களியால் அடைத்துக்கொள்ளும் என்பதால் அவ்வப்போது கம்பியால் குத்திவிட வேண்டும்.

சங்கிலி வைத்தியமும் பலன் தரும். பக்கெட் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளத்துக்கு 10 மில்லிமீட்டர் சங்கிலி எடுத்து, இரண்டு நுனிகளையும் பக்கத் தகடுகளில் முதுகுக்கு அருகே வெல்டிங் செய்து, நடுவில் தொய்வாக விடுங்கள். கவிழ்க்கும்போது சங்கிலி தன் எடையோடு முன்னால் விழுந்து, மண்ணை முதுகிலிருந்து பிய்த்துவிடும்.

வருடம் முழுக்க களியிலேயே வேலை என்றால் சரியான பக்கெட்டை வாங்குவதுதான் நியாயம். வாய்ப்பக்கம் அகலமாகவும் முதுகுப்பக்கம் குறுகலாகவும் சரிந்த தகடுகள் உள்ளது வேண்டும். நேர்த்தகடு பெட்டி களிக்கு ஆகாது. தள்ளுபலகை வைத்த பக்கெட்டும் உண்டு. பக்கெட் விரியும்போது ஆர்மில் (பக்கெட் மாட்டிய கை) நிலையாக நிற்கும் பலகை உள்ளே நுழைந்து மண்ணை வெளியே தள்ளும். 9 இன்ச், 12 இன்ச் அகலத்துக்கு இதைவிட நல்ல விடை கிடையாது.

பக்கெட்டை முழுதாக விரித்து 'டக் டக்' என்று கடைசி எல்லையில் அடித்து உதறுவது களியை விழவைக்கும். ஆனால் அந்த அடி முழுவதும் பக்கெட் சிலிண்டரின் சீலிலும் (ஆயில் கசியாமல் தடுக்கும் வளையம்), இணைப்புப் பின்னிலும், அதைச் சுற்றிய புஷ்ஷிலும் இறங்குகிறது. உதறத்தான் வேண்டும் என்றால் ஓட்டத்தின் நடுவில், எல்லையைத் தொடாமல், குட்டி அசைவுகளாக உதறுங்கள். கையால் சுரண்டும்போது பக்கெட்டைத் தரையில் வைத்து இன்ஜினை அணைத்துவிட்டு, நீளக் கைப்பிடி உள்ள சுரண்டியால் செய்யுங்கள். தூக்கி நிறுத்திய பக்கெட்டுக்குக் கீழே ஆளை நிறுத்தக் கூடாது.

பல் இறங்கவில்லை, மேலேயே வழுக்குகிறது

கத்திரி வெயிலில் சென்னைக் களி சுட்ட செங்கல் மாதிரி இறுகிவிடும். பல் கீறல் மட்டும் போட்டுவிட்டு நகரும், வண்டியின் பின்பக்கம் தூக்கும்.

முதலில் பக்கெட்டின் அடிவயிற்றைப் பாருங்கள். பல்லுக்கு முன்னால் வயிறு தரையில் உரசினால், எவ்வளவு பவர் கொடுத்தாலும் அது சறுக்குப்பலகை மாதிரி வழுக்கத்தான் செய்யும். வயிற்றில் தேய்ந்த பளபளப்பு இருந்தால் அதுதான் சாட்சி. வெட்டைத் தொடங்கும்போது பக்கெட்டை இன்னும் கொஞ்சம் விரித்து, பல் நுனி மட்டும் மண்ணைத் தொடும்படி வைத்து, இறங்கிய பிறகு மடக்குங்கள். பல் மழுங்கியிருந்தால் மாற்றுங்கள். திருப்பிப் போடக்கூடிய ரகமாக இருந்தால் திருப்புங்கள். 12 இன்ச் பக்கெட்டில் நான்கு பல் இருந்தால் அழுத்தம் நான்காகப் பிரிந்துவிடும், காய்ந்த களிக்கு இரண்டு மூன்று பல்லே நல்லது.

அப்படியும் இறங்காவிட்டால் மண்ணை ஊறவையுங்கள். கோட்டின் மேல் ஒரு அடிக்கு ஒன்றாகக் கடப்பாரையால் ஒன்றரை அடி ஆழ ஓட்டை குத்தி, முந்தின நாள் சாயங்காலம் தண்ணீர் ஊற்றி, ராத்திரி முழுக்க விடுங்கள். களி தண்ணீரை மிக மெதுவாகத்தான் குடிக்கும். காலையில் ஊற்றி உடனே தோண்டினால் மேலே சேறும் கீழே செங்கல்லுமாக இரண்டு தொல்லையும் ஒன்றாக வந்து நிற்கும். ஓட்டை நிரம்பும் அளவு ஊற்றினால் போதும், தேங்க விடாதீர்கள். கேபிளோ பைப்போ இருக்கலாம் என்ற சந்தேகம் உள்ள இடத்தில் கடப்பாரையைக் குத்தாதீர்கள்.

வண்டியே பள்ளத்தை நோக்கி நகர்கிறது

பக்கெட் மண்ணை இழுக்க வேண்டும், மண் வண்டியை இழுக்கக் கூடாது. சின்ன வண்டியில் எடை குறைவு, ஈரக் களியில் ஸ்டெபிலைசர் காலுக்கு (வண்டியை ஊன்றி நிறுத்தும் பக்கக் கால்) பிடிப்பும் குறைவு. முன் பக்கெட்டையோ டோசர் பிளேடையோ தரையில் அழுத்தி, ஸ்டெபிலைசர்களில் பின் டயரின் பாரம் முழுவதும் இறங்கும்படி தூக்கி, பார்க்கிங் பிரேக் போட்டுத்தான் தொடங்க வேண்டும். களியில் கால் புதைந்தால் இரண்டு இன்ச் கனமுள்ள பலகையைக் குறுக்கே வைத்து அதன் மேல் நிறுத்துங்கள். பிறகும் நகர்ந்தால் வெட்டின் கனத்தைப் பாதியாக்குங்கள்.

பள்ளம் கோணுகிறது, ஒரு பக்கம் சரிவாக வருகிறது

நேரான கோட்டில் தோண்டியும் அடியில் பார்த்தால் இரண்டு இன்ச் ஒதுங்கியிருக்கும். வண்டி சாய்ந்து நிற்பதே பெரும்பாலும் காரணம். இரண்டு டிகிரி சாய்வு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நான்கு அடி ஆழத்தில் அது ஒன்றே முக்கால் இன்ச் ஆகிவிடும். ஒவ்வொரு முறை நகர்த்தி நிறுத்தும்போதும் ரசமட்டத்தை வண்டியின் சட்டத்தில் குறுக்காக வைத்து, ஸ்டெபிலைசரை ஏற்றி இறக்கி மட்டம் பாருங்கள்.

சுண்ணாம்புக் கோட்டை நடுவில் ஒன்றாகப் போட்டால் முதல் வெட்டிலேயே அழிந்துவிடும். பள்ளத்தின் இரண்டு ஓரங்களையும் குறித்து, ஒரு பக்கமாக இரண்டடி தள்ளி நூலும் கட்டுங்கள். வண்டியின் நடுவும் பள்ளத்தின் நடுவும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். ஒரே இடத்தில் நின்று எட்டிப் பிடிக்கும் ஆசை வேண்டாம், நான்கைந்து அடிக்கு ஒரு முறை நகருங்கள். மட்டமும் கோடும் சரியாக இருந்தும் கோணினால், பக்கெட்டைத் தரையிலிருந்து சற்றே தூக்கிப் பிடித்து, இன்ஜினை அணைத்து, கையால் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். தளர்வாக ஆடினால் பின்னும் புஷ்ஷும் தேய்ந்திருக்கின்றன. ஈரக் களி பின்களிலிருந்து கிரீஸை வழித்துக்கொண்டே போகும், அதனால் களி வேலையில் எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது எல்லா நிப்பிளுக்கும் கிரீஸ் அடிக்க வேண்டும்.

அடிமட்டம் ஏறி இறங்குகிறது, பைப் வாட்டம் நிற்கவில்லை

110 மில்லிமீட்டர் கழிவுநீர் பைப்புக்குப் பத்தடிக்கு மூன்று இன்ச் வாட்டம் (சரிவு) வசதியானது. இரண்டு இன்சுக்குக் குறைய விடாதீர்கள். பேக்ஹோவின் பக்கெட் வில் மாதிரி வளைந்து போவதால் தானாக நேர்மட்டம் போடாது. ஆர்மை இழுக்கும்போதே பூமை (ஆர்மைத் தாங்கும் பெரிய கை) மெல்ல ஏற்றி இறக்கும் கைப்பழக்கம் வேண்டும். பழக்கம் இருந்தாலும் கடைசி இரண்டு இன்ச்சை மெஷினுக்கு விடாதீர்கள். நீளக் கைப்பிடி மண்வெட்டியால் மேலிருந்தே சீவிவிடலாம். டியூப் லெவலால் (தண்ணீர் நிரப்பிய டியூப்) இரண்டு முனைகளிலும் மட்டம் எடுத்து, நூலை வாட்டத்துக்கே கட்டி, நூலிலிருந்து அடி வரை ஒரே நீளக் குச்சியால் அளந்துகொண்டே போனால் தவறு உடனே தெரியும்.

ஆழம் கூடிப்போன இடத்தில் வெட்டிய களியையே போட்டு நிரவுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் பெரிய பிழை. இளகிய களி மழையில் அமுங்கும், பைப் அங்கே தொட்டில் மாதிரி தொங்கும், அந்தத் தொட்டிலில்தான் அடைப்பு வரும். எம்-சாண்ட் போட்டு நனைத்து இடித்து மட்டம் கொண்டுவாருங்கள்.

ஓரத்தில் வெடிப்பு, சுவர் வீங்குகிறது

வேலையை நிறுத்துங்கள். உள்ளே ஆள் இருந்தால் உடனே வெளியே வரச் சொல்லுங்கள்.

களி ஏமாற்றும் மண். மணல் உடனே சரிந்து எச்சரித்துவிடும். களியோ செங்குத்தாக, வழவழப்பாக நிற்கும். மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில் நின்றுவிட்டு ஒரே பாளமாக விழும். ஒரு கன மீட்டர் ஈரக் களி ஏறக்குறைய 1.8 டன். குறுகிய பள்ளத்தில் மார்பளவு மண் விழுந்தால் தலை வெளியே இருந்தாலும் மூச்சு விட முடியாது. மூன்று அடையாளங்களைத் தேடுங்கள்: பள்ளத்துக்கு இணையாக ஓரத்திலிருந்து ஓரிரு அடி தள்ளி ஓடும் முடி போன்ற மெல்லிய வெடிப்பு, சுவரின் கீழ்ப்பாதியில் வயிறு தள்ளுவது, அடியில் சின்னச் சின்னக் கட்டிகள் உதிர்ந்து கிடப்பது.

ஐந்து அடிக்கு மேல் ஆழம் போனால் பலகையும் சவுக்குக் கட்டையும் வைத்து முட்டுக் கொடுக்காமல் யாரும் இறங்கக் கூடாது. வெடிப்பு தெரிந்தால் மூன்றடிப் பள்ளத்துக்கும் அதே விதி. சொல்லப்போனால் 12 இன்ச் பள்ளத்துக்குள் ஆள் இறங்க வேண்டிய அவசியமே இல்லை. பைப்பை மேலேயே ஒட்டி, சால்வென்ட் பசை காய்ந்த பிறகு, இரண்டு மூன்று இடங்களில் கயிறு கட்டி இறக்கலாம்.

வெட்டிய மண்ணை ஓரத்திலேயே குவிப்பதுதான் வெடிப்பை வரவழைப்பது. ஐந்து அடி தள்ளிக் கொட்டுங்கள். இடமில்லாத மனையில் முன்பே கணக்குப் போட்டு லாரி சொல்லிவிடுங்கள். ஒரு அடி அகலம், மூன்றடி ஆழம், 75 அடி நீளம் என்றால் 225 கன அடி. வெட்டியதும் களி கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு உப்பும், ஆக 300 கன அடி, அதாவது மூன்று யூனிட். இந்தக் கணக்கைப் போடாமல் தொடங்கும் வேலையில் மண் போக இடமின்றி ஓரத்திலேயே ஏறும்.

பழைய காம்பவுண்டு சுவரை ஒட்டித் தோண்டும்போது அஸ்திவாரத்தின் அடி எங்கே என்று கையால் ஒரு குழி வெட்டிப் பாருங்கள். அஸ்திவாரத்துக்குக் கீழே எத்தனை அடி இறங்குகிறீர்களோ, குறைந்தது அத்தனை அடி தள்ளித் தோண்ட வேண்டும். முடியாவிட்டால் எஞ்சினியரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். ஆறடி ஆறடியாக விட்டுவிட்டுத் தோண்டி, பைப் போட்டு மூடிய பிறகே அடுத்த துண்டைத் திறக்கும் முறையை அவர் சொல்லக்கூடும்.

அடியில் தண்ணீர் ஊறிச் சேறாகிறது

வடகிழக்குப் பருவமழை முடிந்த மாதங்களில் நகரத்தின் தாழ்வான பகுதிகளில் நான்கடியிலேயே நீர் வரலாம். எப்போதும் தாழ்வான முனையிலிருந்து மேட்டை நோக்கித் தோண்டுங்கள். தண்ணீர் தானாகத் திரும்பி ஓடும். தாழ்ந்த முனையில் ஒரு அடி கூடுதல் ஆழத்தில் குழி எடுத்து, 20 மில்லிமீட்டர் ஜல்லி போட்டு, அதில் மட் பம்ப்பை இறக்குங்கள். சேற்றை மிதிக்க மிதிக்க அது இன்னும் இளகும். வழித்தெடுத்துவிட்டு நான்கு இன்ச் ஜல்லி நிரவினால் அடித்தளம் கெட்டிப்படும். களிக்கு நடுவே மணல் படுகை வந்து அதிலிருந்து நீர் கொப்பளித்தால் கவனம் தேவை. மணல் கரைந்து போகப் போக மேலே நிற்கும் களி அடியில்லாமல் தொங்கும். நீர்மட்டம் இறங்கும் மாதங்களுக்கு வேலையைத் தள்ளிவைக்க முடிந்தால் அதுவே மலிவு.

களிக்கு நடுவே திடீரென்று மணலும் செங்கல்லும்

இது மெஷின் கோளாறு அல்ல, ஆனால் இந்தப் பட்டியலில் உயிரைக் காப்பது இதுதான். மின் கேபிளைப் புதைக்கும்போது சுற்றிலும் மணல் போட்டு மேலே செங்கல் அடுக்குவது வழக்கம். களியில் வரிசையாகச் செங்கல்லோ, கோடாக மணலோ, எச்சரிக்கை நாடாவோ தெரிந்தால் பக்கெட்டைத் தூக்கிவிட்டுக் கையால் தேடுங்கள். கேபிளில் பட்டுவிட்டால் ஆபரேட்டர் இருக்கையிலேயே இருக்க வேண்டும், மற்றவர்கள் பத்து மீட்டர் விலக வேண்டும், மின்வாரியம் லைனை நிறுத்தியதாக உறுதி சொன்ன பிறகே இறங்க வேண்டும்.

வேகம் குறைகிறது, ஆயில் கொதிக்கிறது

காலையில் நன்றாக ஓடி, மதியம் எல்லா அசைவும் சோர்ந்தால் ஹைட்ராலிக் ஆயில் சூடேறியிருக்கிறது. பல் இறங்காத மண்ணில் லீவரைப் பிடித்துக்கொண்டே இருந்தால் ஆயில் முழுவதும் ரிலீஃப் வால்வ் (அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் வால்வ்) வழியே சுற்றிச் சூடாகும். 80 டிகிரியைத் தாண்டினால் சீல்கள் கெடத் தொடங்கும். பக்கெட் நின்றுவிட்டால் லீவரை விடுங்கள், வெட்டைக் குறையுங்கள், கூலரில் அப்பிய மண்ணைத் தட்டி எடுங்கள். எல்லா அசைவும் மெதுவாக இருந்தால் ஆயில் அளவு, ஃபில்டர், பம்ப் என்ற வரிசையில் பாருங்கள். பக்கெட் மட்டும் மெதுவாக இருந்தால் அந்தச் சிலிண்டரின் சீல்.

மூடிய பள்ளம் மழையில் உள்வாங்குகிறது

கட்டி கட்டியாகக் களியைத் தள்ளி மூடினால் கட்டிகளுக்கு நடுவே வெற்றிடம் இருக்கும். முதல் பெருமழையில் கட்டிகள் கரைந்து தரை இறங்கும். பைப்புக்கு அடியில் நான்கு இன்ச், மேலே ஆறு இன்ச் எம்-சாண்ட் போடுங்கள். வெயிலில் சுருங்கி மழையில் வீங்கும் களி பைப்பின் ஜாயின்ட்டை இழுக்காமல் இந்த மணல்தான் நடுவில் நின்று காக்கும். அதன் மேல் கட்டிகளை உடைத்த மண்ணையோ சவுடு மண்ணையோ ஆறு இன்ச் அடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் இடியுங்கள். பைப்புக்கு மேலே முதல் அடுக்கைக் கையால் மட்டும் இடிக்க வேண்டும். முடிவில் தரையைவிட இரண்டு இன்ச் மேடாக விட்டு, மேலே டைல்ஸோ கான்கிரீட்டோ போடுவதை ஒரு மழைக்காலம் கழிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.